கதிரின் பெயரில் ஒரு புத்தக அலமாரி

1

பல்கலைக்கழக நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுப்பதென்றால் நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது. படிவம் முழுவதும் மலாய். இருபத்தாறு வருடமாகப் பினாங்கில் இருக்கிறேன். கடைத்தெருவில், பெட்ரோல் நிலையத்தில், போக்குவரத்துப் போலீசிடம் பேசுகிற மலாய் எனக்கு வரும். அலுவலக மலாய் வேறு மொழி. நன்கொடையாளருக்கும் நினைவுகூரப்படுபவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் 'பாப்பா' என்று எழுதினேன். மலாயில் அப்பாவுக்கு அதுதான் சொல். எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். ஊரில் இதைப் படித்தால் குழந்தை என்று நினைப்பார்கள்.

நினைவுகூரப்படுபவன் என் மகன் கதிரவன். வீட்டில் கதிர். போன வருடம், மழை பெய்த ஒரு மத்தியானத்தில், பெருநிலப் பக்கம் நிபோங் திபாலுக்குப் போகும் சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிள் லாரியில் மோதியது. இருபத்தோரு வயது. முதல் வருடத் திதி நெருங்கியபோது, அவன் மேற்படிப்புக்கென்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்த பணத்தை என்ன செய்வது என்று என் மனைவி சாந்தி கேட்டாள். நூலகத்துக்குக் கொடுப்போம் என்றேன். யோசிக்கவே இல்லை. கதிர் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது நூலகம்தான். கடைசி ஒரு வருடம் எப்போது கூப்பிட்டாலும், "லைப்ரரில இருக்கேன்பா" என்பான். விபத்து நடந்த அன்று காலையிலும் அதைத்தான் செய்தியாக அனுப்பியிருந்தான்.

நூலகம் பினாங்குத் தீவில் இருக்கிறது. விபத்து நடந்தது பாலத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றி நானும் சாந்தியும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. யாரோ நண்பனைப் பார்க்கப் போயிருப்பான் என்று அவள் ஒரு முறை சொன்னாள். ஆமாம் என்றேன். அத்தோடு சரி.

2

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள், "எப்படி இருக்கே?" என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியாததால் வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். உள்ளே போகும் முன் தலையுறை, முகமூடி, வெள்ளை அங்கி, கையுறை எல்லாம் போட வேண்டும். கண் மட்டும்தான் தெரியும். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள் இது எவ்வளவு வசதி என்று தோன்றியது. யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது. பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது, மறைக்கும்படி அதில் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. தகனத்திலும் வரவில்லை, வீட்டுக்கு வந்த பிறகும் வரவில்லை. சாந்தி முதல் மூன்று மாதம் அழுதாள். பிறகு அவளும் நின்றுவிட்டாள். நான் காலை ஆறு மணிக்கு எழுந்து, காப்பி குடித்து, நெரிசலில் கார் ஓட்டி, சில்லுகளைச் சோதித்து, திரும்பி வந்து, சாப்பிட்டுப் படுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில், பிறகு காய்கறி. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் அபிராமி ஞாயிறு மாலை கூப்பிடுவாள். அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ஐந்து நிமிடம்.

திருச்சியில் நாங்கள் குடியிருந்த தெருவில் எங்கள் வீட்டில் மட்டும்தான் பட்டதாரி கிடையாது. அப்பா லாரி செட்டில் எடை போடுகிறவர். நான் பொறியியல் படித்துப் பட்டத்தோடு வீட்டுக்கு வந்த அன்று அவர் தெரு முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த நாளை நினைத்துக்கொண்டுதான் என் பிள்ளைகளை வளர்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. கதிரைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் நான் சொன்னதும் அதுதான். பையன் எந்நேரமும் நூலகத்திலேயே கிடக்கிறான் என்று.

3

நூலகத்தில் நன்கொடைப் பிரிவு இரண்டாவது மாடியில். அங்கே இருந்தவர் கஸ்தூரி, தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். படிவத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"நல்லா நிரப்பியிருக்கீங்க அங்கிள். யாரும் இவ்ளோ சுத்தமா நிரப்ப மாட்டாங்க."

"தப்பு இருந்தா சொல்லும்மா."

"இல்ல. மாணவர் நினைவு நன்கொடைன்னு போட்டிருக்கீங்க. அதுக்குப் பையனோட பதிவு நம்பர் வேணும். சிஸ்டத்துல செக் பண்ணணும், அவ்ளோதான்."

நம்பரைச் சொன்னேன். எனக்கு மனப்பாடம். அவர் தட்டச்சு செய்துகொண்டே, ஒவ்வொரு புத்தகத்திலும் உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டுவோம், அதில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டார். நான் வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தேன். 'இந்நூலகத்தில் தன் மாலைப் பொழுதுகளைக் கழித்த மாணவன் கதிரவன் நினைவாக.' மின்னணுப் பொறியியல் புத்தகங்களாக வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் வைத்திருந்தேன்.

கஸ்தூரி திரையைப் பார்த்தார். பிறகு நான் எழுதி வந்த வாசகத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"அங்கிள், இதுல தங்குஹ்னு போட்டிருக்கு."

"தங்குறதா? அவன் ஹாஸ்டல்ல தங்கலையேம்மா. வீட்டுலேருந்துதான் வந்துபோவான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பரவால்ல அங்கிள். நம்பர் இருந்தா போதும். பேப்பரை வெச்சிட்டுப் போங்க, மேலே காட்டிட்டு நானே கூப்பிடறேன்."

கீழே வரும்போது வாசலில் மாணவர்கள் அட்டையைக் காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டைக்கும் கதவு பீப் என்று திறந்தது.

4

அந்த ஞாயிறு அபிராமி கூப்பிட்டபோது பேச வேறு விஷயம் இல்லாததால் இதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உன் தம்பிய ஹாஸ்டல்ல தங்க வெச்சிருக்காங்க அந்த சிஸ்டத்துல. தங்கு, தங்குன்னு போட்டிருக்காம்."

அவள் சிரிக்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அபி?"

"அப்பா, அது தமிழ் தங்கு இல்ல. மலாய். தங்குஹ்." தமிழில் பேசினாள். "போஸ்ட்போன். படிப்பத் தள்ளி வெச்சிருக்கான்னு அர்த்தம்."

"யாரு?"

"கதிர்தான்பா. செகண்ட் இயர் பாதியில. அவனோட கார்டு அந்த லைப்ரரிக் கதவுல வேலையே செய்யாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் சொன்னான்."

"எப்ப?"

"ஃபர்ஸ்ட்லேருந்தே தெரியும்பா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நிபோங் திபாலுக்குப் பக்கத்தில் ஆற்று முகத்துவாரத்தில் மீன் வளர்க்கும் பண்ணை ஒன்று இருக்கிறதாம். ஒரு விடுமுறையில் நண்பர்களோடு சுற்றிப் பார்க்கப் போனவன், மறுவாரம் தனியாகப் போய் வேலை கேட்டிருக்கிறான். பிறகு தினமும் காலையில் வகுப்புக்குப் போவதுபோல் கிளம்பிப் பாலத்தைத் தாண்டி அங்கே போயிருக்கிறான்.

"வீட்ல சொல்லாதேன்னான். நானே சொல்றேன்னான். அதுக்கப்புறம்..." அவள் நிறுத்தினாள். "அதுக்கப்புறம் எப்படிப்பா சொல்றது?"

சரி என்று சொல்லி போனை வைத்தேன். திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. சமாதானம் சொல்லவும் தோன்றவில்லை. சாந்தி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் மகள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துண்டைப் பாதியில் விட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"மீனா? வீட்டுல மீன் கழுவச் சொன்னா மூக்கைப் பொத்திக்குவானே."

துண்டை மறுபடி எடுத்துக்கொண்டு, "அதான் அவன் துணிய அவனே தொவச்சானா?" என்றாள். "பையனுக்குப் பொறுப்பு வந்துடுச்சுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே."

5

அடுத்த சனிக்கிழமை பாலத்தைத் தாண்டிப் போனோம். போக வேண்டும் என்று சொன்னது சாந்தி. விபத்து நடந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். "நிறுத்தாதீங்க" என்றாள். நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். பிறகு சாலை குறுகி ஆற்றங்கரையில் முடிந்தது.

பண்ணையின் சொந்தக்காரர் லிம் என்ற சீனர். அறுபதுக்கு மேல் இருக்கும். நான் மலாயில் ஆரம்பித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே தமிழில் பேசினார்.

"கதிர் அப்பாவா? வாங்கண்ணே. வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?"

பைராம் தோட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவராம். அவருடைய தமிழ் எங்கள் மகளுடைய தமிழைவிட நன்றாக இருந்தது. படகில் உட்காரவைத்துக் கூண்டுகளைக் காட்டக் கூட்டிப் போனார். ஆற்றில் மிதக்கும் மரச்சட்டங்கள், அவற்றிலிருந்து தொங்கும் வலைகள், வலைக்குள் மீன். சியாக்காப் என்றார். ஊரில் நாம் கொடுவா என்போமே, அது. சட்டத்தின் மேல் போட்ட பலகையில் நடந்துதான் தீனி போட வேண்டும். ஒரு ஆள் நடக்கிற அகலம்தான் இருந்தது.

"கெட்டிக்காரன்ணே ஒங்க மவன்" என்றார் லிம். "மீனு சாப்பிடலன்னா மொத ஆளா அவனுக்குத்தான் தெரியும். முதலாளி, மூணாம் கூண்டுல என்னமோ சரியில்லன்னு வந்து சொல்லுவான். போய்ப் பாத்தா நோவு வந்திருக்கும். நான் நாப்பது வருசமா இதுல இருக்கேன், எனக்குத் தெரியாது லா."

"படிப்பைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?" என்று கேட்டேன்.

"மண்டையில ஏறல முதலாளின்னான். வீட்ல சொல்லிட்டு வாடான்னேன். சொல்றேன், சொல்றேன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்." அவர் படகு இயந்திரத்தை அணைத்தார். "நான் வந்தேன்ணே, தகனத்துக்கு. பின்னால நின்னேன். ஒங்ககிட்ட யாருன்னு சொல்லல. சொன்னா ஒங்களுக்கு இன்னும் கஷ்டமா போயிடும்னு பேசாம வந்துட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீனர் பின்வரிசையில் நின்று அழுதுகொண்டிருந்தார். யாரோ பேராசிரியர் என்று நினைத்தேன். ஊருக்குப் பேசும்போது, பேராசிரியர்கள்கூட வந்து அழுதார்கள் என்று சொன்னேன்.

சாந்தி படகுப் பலகையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க அவன் எப்படி இருந்தான்?" என்று கேட்டாள்.

"எப்படின்னா? சிரிச்சிக்கிட்டே இருப்பான்க்கா."

வீட்டில் அவன் கடைசியாகச் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். தெரியவில்லை. கிளம்பும்போது லிம் இரண்டு பெரிய மீனைப் பனிக்கட்டி போட்டுக் கொடுத்தார். சாந்தி அன்று மாலையே குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

6

நன்கொடையை நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்தேன். கதவு திறக்காத நூலகத்தில் அவன் பெயரை எதற்கு ஒட்ட வேண்டும்? காலையில் காப்பி குடிக்கும்போது இதைச் சொன்னேன்.

"பொய் சொன்னான்னு கோவமா?" என்றாள் சாந்தி.

"கோவம் இல்ல. ஆனா பொய்தானே?"

"நீங்க இங்க வந்த முதல் ரெண்டு வருஷம் இன்ஜினீயர்னா இருந்தீங்க? லைன்ல நின்னு பெட்டி அடுக்கினீங்க. ஊருக்கு இன்ஜினீயர்னு எழுதினீங்க. உங்கப்பா அதையும் தெருவெல்லாம் போய்ச் சொன்னாரு. அவரு சாகற வரைக்கும் நீங்க சொல்லவே இல்ல."

அது உண்மை. முகவர் சொன்ன வேலை வேறு, வந்து பார்த்தபோது கிடைத்த வேலை வேறு. இரண்டு வருடம் கழித்துத்தான் பொறியாளர் ஆனேன். அந்த இரண்டு வருடக் கடிதங்களை என் அப்பா டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

"பணம் நூலகத்துக்குத்தான் போகணும்" என்றாள். "அவன் பேரும் இருக்கணும். ஆனா அவன் படிக்காத புத்தகத்துல வேணாம்."

மறுபடி கஸ்தூரியிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அங்கிள், அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தங்குஹ்னா என்னான்னு அங்கிளுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரிஞ்சிச்சு. அங்கிள் எழுதிட்டு வந்ததப் படிச்சிட்டு... எனக்கு வாய் வரல. வீட்டுக்குப் போயும் அதே நெனப்புதான்."

"பரவாயில்லம்மா. பட்டியலை மாத்தணும். மீன் வளர்க்கிறது சம்பந்தமான புத்தகமெல்லாம் இங்க வெப்பீங்களா?"

"கண்டிப்பா. உயிரியல்ல அதுக்கு ஒரு பிரிவே இருக்கு. பழைய புத்தகம்தான் கெடக்கு, புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க." தயங்கினார். "ஆனா மாணவர் நினைவு நன்கொடைன்னா..."

"அவன் மாணவன் கிடையாதா?"

அவர் விதிமுறைத் தாளை எடுத்து விரலை வைத்துப் படித்தார். மேலே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இருபது நிமிடம் ஆனது.

"தள்ளி வெச்சவங்க திரும்பி வரலாம்னுதான் கணக்கு அங்கிள். பேரை எடுக்க மாட்டாங்க. மாணவர்தான்."

சீட்டில் எழுத வேண்டியதை அங்கேயே நின்று மாற்றினேன். 'கதிரவன், த/பெ சுந்தரம், நினைவாக.' அவ்வளவுதான். ஊரில் அப்பா பெயர் ஒரு தலைப்பெழுத்தோடு முடிந்துவிடும். இங்கே முழுப் பெயரும் கூடவே வரும். அடையாள அட்டை முதல் இறப்புச் சான்றிதழ் வரை அவன் பெயரோடு என் பெயரும் போயிருக்கிறது. இப்போது புத்தகங்களுக்குள்ளும்.

7

புத்தகங்கள் வந்து சேர நான்கு மாதம் ஆனது. திதி எப்போதோ முடிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒப்படைக்கும் நிகழ்ச்சி. துணை நூலகர், கஸ்தூரி, நாங்கள் இருவர், கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் வந்த அபிராமி. லிம்மையும் அழைத்திருந்தேன். மீன் பிடிப்பு நாள் என்று வர முடியவில்லை. துணை நூலகர் மலாயில் சிறிதாகப் பேசினார். அலமாரி முன் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். ஒரு புத்தகத்தைத் திறந்து சீட்டைப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. எனக்குள் எதுவும் நடக்கவில்லை. ஏதாவது நடக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சாந்தியைக் கஸ்தூரி தேநீர் குடிக்க அழைத்துப் போனார். நானும் அபிராமியும் வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். போனில் அன்று பேசியதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில், வேலை, பேருந்து என்றே ஐந்து நிமிடங்களைத் தள்ளிவிட்டோம்.

"எம்மேல கோவமாப்பா?"

"இல்ல."

"நெஜமா?"

"கோவம் வந்தா நல்லாருக்கும். வர மாட்டேங்குது."

அவள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தீபாவளிக்குச் சொல்றதா இருந்தான்பா. என்கிட்ட போன்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டான். இங்கிலீஷ்ல சொன்னா அப்பா வாதாடுவாரு, தமிழ்ல சொன்னா கேப்பாருன்னு அவனோட ஐடியா. முழுக்கத் தமிழ்ல சொல்லணும்னு பிராக்டிஸ் பண்ணான்."

"என்னன்னு?"

"அப்பா, எனக்குப் படிப்பு வரல. ஒரு வேல வருது. அதச் செய்றேன். அவ்ளோதான். அப்புறம் டிஸப்பாயிண்ட் பண்ணிட்டேன், சாரின்னு முடிக்கணும். அதுக்கு மட்டும் ரெண்டு பேருக்கும் தமிழ் தெரியல. ஏமாத்திட்டேன்னு சொல்லுடான்னேன். அவன் ஒத்துக்கல. ஏமாத்துறதுன்னா சீட் பண்றது, நான் அப்பாவ சீட் பண்ணல, டிஸப்பாயிண்ட்தான் பண்ணேன், வேற வேர்டு இருக்கும்னு சண்ட போட்டான். சரி, அப்பாகிட்டயே கேளுன்னு சொன்னேன். கேட்டானான்னு தெரியல."

கேட்டான்.

ஒரு சனிக்கிழமை காலை. நான் தமிழ்ச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கதிர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் அப்படி வந்து உட்காருவது வழக்கம் இல்லை. "அப்பா, டிஸப்பாயிண்ட்மெண்ட்டுக்குத் தமிழ்ல என்ன?" என்றான். நான் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏமாற்றம்" என்றேன். "வேற வேர்டு இல்லையா?" என்றான். "இல்ல, அதான்" என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போனான். எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

அபிராமி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய், "அப்பா, அம்மாவைக் கூப்பிடவா?" என்றாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மாணவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நின்று, ஏதாவது வேண்டுமா அங்கிள் என்று கேட்டாள். அபிராமி அவளிடம் என்னவோ சொல்லி அனுப்பிவிட்டு, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.